நியாயஸ்தலம் நடத்திய பள்ளிக்கூடம்

லண்டன் மாநகரத்தில் பாண்ட் தெரு என்று பேர்பெற்ற வீதியில், 1897-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் 10-ஆம் தேதி, ஜார்ஜ் ஸ்மித் என்னும் வாடகை வண்டிக்காரர் தம்முடைய மின்சார வண்டியைக் கொண்டுபோய் ஒரு கட்டிடத்தின் மேல் மோதி, தாம் குடித்திருந்ததை நியாயஸ்தலத்தில் ஒப்புக்கொண்டு அபராதம் செலுத்தினார். மது மயக்கத்தில் மோட்டார் வண்டி ஓட்டியதற்காகத் தண்டனை பெற்றவர்களில் முதல்வர் என்று சரித்திரக்காரர்கள் அவரையே குறிப்பிடுகிறார்கள். அவருக்குப் பின் ஏறக்குறைய எழுபது வருஷ காலம், ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இந்தக் குற்றத்துக்காக மாஜிஸ்திரேட் முன்னிலையில் வந்து நின்ற லட்சக்கணக்கான மனிதர்களுக்கு நேர்ந்ததெல்லாம் பெரும்பாலும் ஸ்மித்துக்கு நேர்ந்ததுதான்: அபராதம் விதிக்கப்பட்டது, சிலருக்குச் சில நாள் சிறைவாசம் கிடைத்தது, சிலருடைய லைசென்ஸ் பறிக்கப்பட்டது. ஆனால் ஏன் குடித்தாய், எவ்வளவு குடித்தாய், குடித்த பிறகு ஏன் வண்டியில் ஏறினாய், இனி அந்த நிலைமை வந்தால் என்ன செய்வாய் என்று அவர்களை உட்காரவைத்துப் பொறுமையாகக் கேட்டவர் அநேகமாக ஒருவருமில்லை.

அந்தக் கேள்வியை முறையாகக் கேட்கத் தொடங்கிய நியாயஸ்தலம் அமெரிக்காவின் அரிஜோனா மாகாணத்துத் தலைநகரான பீனிக்ஸில் இருந்தது. அங்கே 1966-ஆம் வருஷத்தில் ஏற்பட்ட வகுப்பின் கதையையும், அதைப் பின்பற்றி அந்தத் தேசமெங்கும் பெருகிய வகுப்புகளுக்கு நேர்ந்த நன்மை தீமைகளையும் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன்னால், இந்த யோசனை தோன்றுவதற்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

ஒரு மனிதன் குடித்திருக்கிறானா என்பதை நிர்ணயிப்பதற்குப் பழைய நாளில் போலீஸ்காரரின் கண்ணும் மூக்குமே சாதனங்களாக இருந்தன. கோட்டின் மேல் நடக்கச் சொல்வது, நாக்குப் புரளாமல் பேசச் சொல்வது முதலிய பரீட்சைகளை நம்பித் தீர்ப்புச் சொல்ல ஜூரிகள் தயங்கினார்கள். ஸ்வீடன் தேசத்து லுண்ட் சர்வகலாசாலையில் ஆராய்ச்சி செய்த எரிக் விட்மார்க் என்பவர், விரல் நுனியிலிருந்து எடுத்த சில துளி ரத்தத்தைக் கொண்டே அதில் கலந்துள்ள சாராய சத்தின் அளவைக் கணக்கிடும் முறையை 1922-இல் வெளியிட்டதோடு, குடித்த அளவுக்கும் உடம்பின் எடைக்கும் ரத்தத்தில் ஏறும் விகிதத்துக்கும் உள்ள சம்பந்தத்தையும் சூத்திரமாக வகுத்துக் கொடுத்தார். அந்தச் சாஸ்திரத்தின் பலத்தினால்தான் நார்வே தேசம் 1936-இல், நூறு மில்லிலிட்டர் ரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் சாராய சத்து இருந்தால் அதுவே குற்றம் என்று துணிந்து சட்டம் செய்ய முடிந்தது. அமெரிக்காவில், இந்தியானா சர்வகலாசாலையின் ரஸாயன ஆசிரியர் ரோலா ஹார்ஜர், பலூனில் ஊதிய மூச்சை அமிலத்தில் கலந்த பெர்மாங்கனேட் கரைசலின் வழியே செலுத்தி, அதன் ஊதா நிறம் மங்குவதைக் கொண்டு அளவைக் கண்டுபிடிக்கும் கருவியைச் செய்தார். இந்தியானாபொலிஸ் போலீசார் அதை 1938-ஆம் வருஷத்துக் கடைசி நாளன்று, புத்தாண்டுக் கொண்டாட்டத்து இரவில், முதன்முதலாக உபயோகித்தார்கள். 1954-இல் ராபர்ட் போர்க்கன்ஸ்டைன் அமைத்த, எளிதில் தூக்கிச் செல்லத்தக்க 'ப்ரெத்தலைசர்' கருவி அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது.

அளவுகோல் கிடைத்ததே தவிர, அதைக் கடுமையாகப் பிரயோகிக்கும் மனம் அமெரிக்க ஜனங்களுக்கு உடனே வந்துவிடவில்லை. இந்தியானாவிலும் மெயினிலும் 1939-இல் ஏற்பட்ட சட்டங்கள் 150 மில்லிகிராமைக் குற்றத்தின் எல்லையாக வைத்தன. நார்வேயின் எல்லையைப் போல் மும்மடங்கான அந்த அளவை எட்ட வேண்டுமானால், சாதாரண தேகமுள்ள ஓர் ஆண் ஒரு மாலையில் சில மணி நேரத்துக்குள் ஏழெட்டுக் கோப்பைகளாவது குடித்தாக வேண்டும். அப்படியிருந்தும், குற்றவாளிக் கூண்டில் நிற்பவனைப் பார்க்கும் ஜூரர், தாமும் சனிக்கிழமை இரவு விருந்தில் குடித்துவிட்டு வண்டியோட்டிக்கொண்டு வீடு வந்தவர் என்பதை மனத்தில் நினைத்து இரக்கம் காட்டினார். நீதிபதிகளுக்கோ இன்னொரு தயக்கம். அமெரிக்க நகரங்கள், முக்கியமாகப் பாலைவனத்தின் நடுவே நாலா பக்கமும் பரந்து வளர்ந்த பீனிக்ஸ் போன்ற நகரங்கள், மோட்டார் வண்டியில்லாமல் ஒருவன் வேலைக்குப் போகவோ பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவோ இயலாத வகையில் அமைந்துவிட்டபடியால், லைசென்ஸைப் பறிப்பது ஜீவனத்தையே பறிப்பதற்குச் சமம் என்று அவர்கள் எண்ணினார்கள். பறித்தால் குடும்பம் தவிக்கும். பறிக்காவிட்டால் சாலையில் போகிறவன் சாவான். இவ்விரண்டுக்கும் நடுவில் மூன்றாவது வழி ஒன்று இருக்கவேண்டுமென்ற தவிப்பிலிருந்துதான் வகுப்பு என்ற யோசனை பிறந்தது. பின்னால் அதற்கு நேர்ந்த சங்கடங்களுக்கும் இந்தப் பிறப்பே காரணம் என்பதைப் போகப்போகப் பார்ப்போம்.

இதற்கிடையில் மருத்துவர் வில்லியம் ஹாடன், நியூயார்க்கை அடுத்த வெஸ்ட்செஸ்டர் பிரதேசத்தில் வேறெந்த வண்டியும் சம்பந்தப்படாமல் தாமே மோதி இறந்துபோன ஓட்டுநர்களின் ரத்தத்தைச் சோதித்த விவரங்களை ஆராய்ந்து, 1959-இல் வெளியிட்டிருந்தார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் 150 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நிலையில் இறந்திருந்தார்கள். போர்க்கன்ஸ்டைன் கிராண்ட் ராபிட்ஸ் நகரத்தில் 1962, 1963-ஆம் வருஷங்களில், விபத்தில் சிக்கிய சுமார் 6,000 ஓட்டுநர்களையும், விபத்தில் சிக்காமல் அதே சாலைகளில் போய்க்கொண்டிருந்த சுமார் 7,500 பேரையும் சோதித்து, அளவு ஏற ஏற ஆபத்து எப்படிச் செங்குத்தாக ஏறுகிறது என்பதைக் காட்டினார். சாலையில் மரணத்தை விளைவிப்பவர்கள் விருந்தில் ஒரு கோப்பை ஒயின் அருந்தியவர்களல்ல, அளவு மீறிக் குடிக்கிறவர்களே என்பது இந்த ஆராய்ச்சிகளால் தெளிவாயிற்று.

பீனிக்ஸ் நகர நியாயஸ்தலத்து மாஜிஸ்திரேட் யூஜீன் மங்கம், அரிஜோனா மாகாண சர்வகலாசாலையைச் சேர்ந்த எர்னஸ்ட் ஸ்டூவர்ட், கொலம்பியா சர்வகலாசாலையின் ஆசிரியர் கல்லூரியில் சாலைப் பாதுகாப்பு ஆராய்ச்சியை நடத்திவந்த ஜேம்ஸ் மால்ஃபெட்டி ஆகியோருடைய பிரயாசையினாலும், மோட்டார்ச் சங்கத்தாருடைய பொருளுதவியினாலும் அங்கே வகுப்பு உருப்பெற்றது. வாரத்துக்கு ஒரு மாலையாக நான்கு வாரம், ஒவ்வொரு மாலையும் இரண்டரை மணி நேரம், ஆகமொத்தம் பத்து மணி நேரமே அதன் முழுக் காலம். வந்து உட்காருகிறவர்கள் அனைவரும் தண்டனை பெற்றவர்கள். தச்சரும் வக்கீலும் பண்ணையாளும் வியாபாரியும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்திருக்கும்படி நேர்ந்த அந்த அறையில், முதல் மாலையன்று நிலவிய முகபாவம் பெரும்பாலும் கோபமாகவே இருந்திருக்கும். ஏனெனில் ஒவ்வொருவரும் தாம் அகப்பட்டதற்குத் தம் குடியைக் காரணமாக நினைக்காமல் போலீஸ்காரரின் பகையையும் தம் அதிர்ஷ்டக் குறைவையுமே காரணமாக நினைப்பது சகஜம். ஆகவே முதல் வகுப்பில் உபதேசத்துக்கு இடம் கொடுக்கவில்லை. நடந்ததை அவரவர் சொல்லலாம், எழுதலாம். தேசத்தில் இந்தக் குற்றத்தால் விளையும் நஷ்டத்தின் பரிமாணம் அவர்களுக்கு எடுத்துக்காட்டப்பட்டது.

இரண்டாவது மாலைதான் என்னை மிகவும் கவர்ந்த பாடம். மது உடம்பில் என்ன செய்கிறது, வண்டி ஓட்டும் திறமையை எவ்வாறு குலைக்கிறது என்பது அன்றைய விஷயம். இப்படிப்பட்ட வகுப்புகள் அனைத்திலும் விட்மார்க்கின் கணக்கு ஏதேனும் ஓர் உருவத்தில் கரும்பலகையில் ஏறிவிடும். 355 மில்லிலிட்டர் பீர், சிறிய கோப்பை ஒயின், ஒன்றரை அவுன்ஸ் விஸ்கி மூன்றிலும் அடங்கிய சாராய சத்து ஒன்றே, அதாவது சுமார் 14 கிராம். ஆகையால் 'நான் பீர்தான் குடித்தேன்' என்ற சமாதானம் நிற்காது. 70 கிலோ எடையுள்ள ஒருவர் மாலை எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவுக்குள் எட்டுக் கோப்பை குடித்தால், அந்த நேரத்தில் அவருடைய ரத்தத்தில் சுமார் 175 மில்லிகிராம் இருக்கும். ஈரல் அதை மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் வீதமே கழிக்கும். கறுப்புக் காப்பி குடித்தாலும், குளிர்ந்த நீரில் குளித்தாலும், சாலையோரம் நாலு தரம் நடந்தாலும் அந்த வேகம் மாறாது. ஆகவே படுத்துறங்கி எழுந்து, முகம் கழுவி, காலை ஏழு மணிக்குத் தாம் தெளிந்துவிட்டதாக முழு நம்பிக்கையுடன் வேலைக்குப் புறப்படும் அதே மனிதரின் உடம்பில் இன்னும் 70 மில்லிகிராம் மிஞ்சியிருக்கும். நார்வேயில் அவர் அப்போதும் குற்றவாளி. தம்முடைய எடையையும் தாம் குடித்த கோப்பைகளையும் தாமே போட்டுப் பார்த்து வந்த எண்ணோடு ஒருவர் தர்க்கம் செய்ய முடியாது. பாதிரியார் சொல்லியும் மனைவி அழுதும் கேட்காத காது, தன் கையால் போட்ட கணக்கைக் கேட்கக்கூடும் என்பதே ஸ்டூவர்ட் முதலானோருடைய நம்பிக்கையாக இருந்தது. அந்த நம்பிக்கையை நான் இன்றைக்கும் மதிக்கிறேன்.

மூன்றாவது மாலை, குடிப்பழக்கம் எந்த இடத்தில் நோயாக மாறுகிறது என்பதை ஆராய்வதில் கழிந்தது. நான்காவது மாலை, ஒவ்வொருவரும் இனிமேல் குடிக்கும் வேளையையும் வண்டி ஓட்டும் வேளையையும் எவ்விதம் பிரித்துக்கொள்ளப் போகிறார் என்று தமக்கென்று ஒரு திட்டம் வகுத்துக்கொள்வதற்காக ஒதுக்கப்பட்டிருந்தது. நண்பரை ஓட்டச் சொல்வதா, டாக்ஸியை அழைப்பதா, சாராயக் கடைக்கு நடந்தே போவதா, இல்லை குடியையே விடுவதா என்பது அவரவர் தீர்மானம். இந்த முறையை மால்ஃபெட்டியும் ஸ்டூவர்ட்டும் உபாத்தியாயர்களுக்கான வழிகாட்டி நூலாக எழுதியபடியால், பீனிக்ஸ் வகுப்பு வெகு சீக்கிரத்தில் நகரத்துக்கு நகரம் பெயர்த்து நடப்பட்டது.

மத்திய அரசாங்கமும் அந்தச் சமயத்தில் விழித்துக்கொண்டது. 1966-இல் நெடுஞ்சாலைப் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டு, அதை நடத்த அமைந்த இலாகாவுக்கு முன்சொன்ன டாக்டர் ஹாடனே தலைவரானார். வருஷந்தோறும் 25,000 மரணங்களிலும் எட்டு லட்சம் விபத்துக்களிலும் மதுவுக்குப் பங்குண்டு என்று 1968-இல் காங்கிரஸ் சபைக்குச் சமர்ப்பித்த அறிக்கை சொல்லிற்று. அதன் விளைவாக 1970 முதல் தேசத்தின் 35 இடங்களில், 8 கோடியே 80 லட்சம் டாலர் செலவில், போலீஸ் ரோந்து, நியாயஸ்தலம், வகுப்பு, சிகிச்சை, பிரசாரம் அனைத்தையும் ஒரே கோவையாக இணைத்து நடத்தும் பெரிய திட்டம் தொடங்கப்பட்டது. அந்தத் திட்டத்தில் என் மனத்துக்குச் சிறப்பாகப் படுவது, மிச்சிகன் சர்வகலாசாலையில் மார்ட்டிமர், ஃபில்கின்ஸ் என்னும் இருவர் தயாரித்த வினாத்தாள். தண்டனை பெற்றவர் எழுதித் தரும் விடைகளையும் நேரில் பேசிக் கண்ட விவரங்களையும் சேர்த்து, இவர் எப்போதோ அளவு மீறியவரா அல்லது குடிக்கு அடிமைப்பட்டவரா என்று பிரித்தறிவதற்கு அது உதவிற்று. முதல் தடவை அகப்பட்டவர்களிலேயே கணிசமானவர்கள் இரண்டாவது வகையினராக இருந்தது நீதிபதிகளை அதிரச் செய்தது. முதல்முறை அகப்படுவது முதல்முறை செய்த குற்றத்துக்காக அல்ல. எத்தனையோ இரவுகள் தப்பித்த பிறகு ஓர் இரவு தப்பாமற் போனதால்தான்.

பின்பு பரீட்சைக் காலம் வந்தது. இந்தத் திட்டத்துக்கும் சாலை மரணங்களின் குறைவுக்கும் சம்பந்தம் காட்ட முடியவில்லை என்று 1976-இல் பால் சாடர் என்ற புள்ளிவிவர அறிஞர் கடுமையாக எழுதினார். 35 இடங்களில் 12 இடங்களில் மட்டும் இரவு நேர மரண விபத்துக்கள் குறிப்பிடத்தக்க அளவு குறைந்தன என்று அரசாங்கத்தார் பிறகு தெரிவித்தார்கள். டென்வர் நகரத்தில் அபராதம், சாதாரணக் கண்காணிப்பு, சிகிச்சையோடு கூடிய கண்காணிப்பு என்று மூன்று விதமாகக் குற்றவாளிகளைப் பிரித்துப் பார்த்த புளூமெந்தால், ராஸ் ஆகியோரின் சோதனையிலும் ஒன்றுக்கொன்று வித்தியாசம் புலப்படவில்லை; நீதிபதிகள் சோதனையின் நிபந்தனைக்குக் கட்டுப்படாமல், வக்கீல் வைத்துக்கொண்டு வந்தவர்களுக்குச் சலுகை காட்டியதும் அதற்கொரு காரணம். எப்போதாவது குடிப்பவர்களுக்கு வகுப்பினால் சிறிது நன்மை உண்டு, குடிக்கு அடிமையானவர்களுக்குச் சொற்பொழிவினால் பயனில்லை என்பது மட்டும் மெள்ள மெள்ளத் தேறிய உண்மை.

ஆனால் வகுப்புகளின் பெருங்குறை பாடத்தில் இல்லை. அவற்றைச் சட்டம் எந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தது என்பதிலேயே அது இருந்தது. நியூயார்க்கில் 1975-இல் தொடங்கிய ஏழு வார வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு, தடைக்காலத்திலேயே வேலைக்குப் போய்வரும் அளவுக்கு நிபந்தனை லைசென்ஸ் கொடுக்கப்பட்டது. வேறு பல இடங்களில், வகுப்பை முடித்தால் குற்றத்தைப் பதிவேட்டிலிருந்தே நீக்கிவிடுவதாகப் பேரம் பேசும் வழக்கம் வளர்ந்தது. இதன் பலாபலனை எல்லாவற்றிலும் தெளிவாகக் காட்டிய மாகாணம் கலிபோர்னியா. இரண்டாம் தடவையும் அதற்கு மேலும் தண்டனை பெற்றவர்கள், ஒரு வருஷச் சிகிச்சைத் திட்டத்தில் சேர்ந்தால் லைசென்ஸை இழக்க வேண்டியதில்லை என்று நான்கு ஜில்லாக்களில் ஒரு பரீட்சார்த்தச் சட்டம் அமலாகி, முடிவு தெரியுமுன்னரே 1978-இல் மாகாணம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்டது. அதை ஆராய்ந்த ஹேகனும் அவருடைய சகாக்களும் 1979-இல் கண்டு சொன்னது கேட்கக் கசப்பானது: சிகிச்சைக்குப் போய் லைசென்ஸைக் காப்பாற்றிக்கொண்டவர்களைவிட, சிகிச்சையின்றி லைசென்ஸை இழந்தவர்களே குறைவான விபத்துக்களில் சிக்கினார்கள். லைசென்ஸ் இழந்தவர்களில் பலர் திருட்டுத்தனமாக ஓட்டியிருக்கலாம்; ஆயினும் குறைவாகவும் எச்சரிக்கையாகவும் ஓட்டினார்கள். மனந்திருந்துவதற்கு வாய்ப்புக் கொடுத்ததாக நினைத்துச் செய்த உபகாரத்துக்கான விலையை, அந்தச் சாலைகளில் போய்க்கொண்டிருந்த வேறு ஜனங்கள் கொடுத்தார்கள். நியாயஸ்தலத்தின் கருணை குற்றவாளியின் பக்கமாக மட்டும் திரும்பியிருந்த அந்தக் காலத்தை, நல்ல எண்ணத்தின் பேரால் நடந்த அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

அதே கலிபோர்னியாவில், 1980-ஆம் வருஷம் மே மாதம், சாலையோரம் நடந்துகொண்டிருந்த 13 வயதுச் சிறுமி ஒருத்தி குடிபோதையில் வந்த காரால் கொல்லப்பட்டாள். ஓட்டியவர் முன்பே பலமுறை தண்டனை பெற்றவர். சில தினங்களுக்கு முன்புதான் அதே வகையான குற்றத்துக்காகக் கைதாகி வெளியில் வந்தவர். சிறுமியின் தாயான கேண்டி லைட்னர், துக்கத்தோடு அடங்கிவிடாமல், குடித்து ஓட்டுவதை எதிர்க்கும் தாய்மார்களின் சங்கத்தை ஸ்தாபித்தார். அதுவரையில் விவகாரத்தில் குரலே இல்லாதிருந்த ஒரு கட்சி, அதாவது இறந்தவர்களின் சுற்றத்தார், சட்டசபைகளின் வாசலில் வந்து நின்றது. ஜனாதிபதி ரேகன் 1982-இல் நியமித்த விசாரணைக் குழு, மறுவருஷம் சமர்ப்பித்த அறிக்கையில், கல்வியும் சிகிச்சையும் மற்றத் தண்டனைகளோடு கூடச் சேர்க்கப்பட வேண்டுமே அன்றி அவற்றுக்குப் பதிலாக வைக்கப்படலாகாது என்று சிபாரிசு செய்தது. வகுப்பறைக்குள்ளும் ஒரு மாறுதல் நுழைந்தது. மாசசூஸெட்ஸ் மாகாணத்து ரட்லண்டில் 1982-இல் தொடங்கிய ஒரு வழக்கத்தின்படி, பிள்ளையைப் பறிகொடுத்தவர், கணவனை இழந்தவர், கால் முடமானவர் முதலியோர் தண்டனை பெற்றவர்களுக்கு முன் வந்து உட்கார்ந்து, யாரையும் நிந்திக்காமல், தங்களுக்கு நேர்ந்ததை மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள். கேட்டவர்கள் அழுதார்கள் என்பது உண்மை. மறுபடி குற்றம் செய்வதை அது குறைத்ததா என்று பிற்பாடு செய்த ஆராய்ச்சிகள் ஒரே விதமான முடிவைத் தரவில்லை என்பதும் உண்மை. ஆயினும் சொன்னவர்களுக்கு அது ஓர் ஆறுதலாயிருந்தபடியால், அதை வீண் என்று தள்ள எனக்கு மனமில்லை.

அடக்கமான முறையில் நெடுங்காலம் உழைத்தவர்களையும் இங்கே சொல்லவேண்டும். மிசிசிப்பி மாகாணத்தில் 1972 முதல் அம்மாகாண சர்வகலாசாலையே வகுப்பு நடத்தி, வந்து போனவர்களை வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்து கணக்கெடுத்தது. அங்கே ஆராய்ச்சி செய்த எலிசபெத் வெல்ஸ்-பார்க்கரும் அவருடைய சகாக்களும், அதுவரை பல தேசங்களில் வெளியான 215 ஆராய்ச்சிகளை ஒன்றுதிரட்டி நிறுத்துப் பார்த்து, 1995-இல் முடிவு சொன்னார்கள். ஒன்றும் செய்யாமல் விடுவதைவிட வகுப்பும் சிகிச்சையும் மறு குற்றங்களை நூற்றுக்கு 7 முதல் 9 வரை குறைக்கின்றன. பாடம், மனோதத்துவ ஆலோசனை, பின்னும் தொடர்ந்து வரும் கண்காணிப்பு மூன்றும் சேர்ந்த இடத்தில் பலன் அதிகம். மதுவோடு சம்பந்தப்படாத விபத்துக்களைக் குறைப்பதில் லைசென்ஸ் தடையே மேல். நூற்றுக்கு எட்டு என்பது சொற்பம் என்று தோன்றலாம். லட்சக்கணக்கானவர்கள் அகப்படும் ஒரு தேசத்தில் அது எத்தனை குடும்பங்களின் நிம்மதி என்பதை எண்ணிப் பார்த்தால் சொற்பமல்ல. 1997-இல் கலிபோர்னியாவின் டேவிட் டியங், அம்மாகாணத்துப் பதிவேடுகளையே மறுபடி ஆராய்ந்து, சிகிச்சையும் லைசென்ஸ் நடவடிக்கையும் சேர்த்து விதிக்கப்பட்டவர்களே மறுபடி அகப்படுவது மிகக் குறைவு என்று காட்டினார். வெறும் சிறைவாசம் அவ்வளவு பயன் தரவில்லை. சிகிச்சையும் லைசென்ஸ் தடையும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிறுத்தப்பட்டபோது பலன் குறைந்தது. ஒன்றோடொன்று சேர்த்து நிறுத்தப்பட்டபோது இரண்டும் வேலை செய்தன. பீனிக்ஸில் தேடப்பட்ட மூன்றாவது வழி, பறிப்பதற்கும் பறிக்காமல் விடுவதற்கும் நடுவில் புதிதாக இருக்கவில்லை; தடையையும் வகுப்பையும் சேர்த்து நிறுத்துவதிலேயே இருந்தது.

ஜார்ஜ் ஸ்மித்தின் தேசம் இந்த அனுபவங்களையெல்லாம் பார்த்துவிட்டு நிதானமாகவே முன்வந்தது. சாலைச் சட்டங்களை ஆராய்ந்த பீட்டர் நார்த் குழு 1988-இல் செய்த சிபாரிசை ஒட்டி, 1991-ஆம் வருஷத்துச் சட்டம் வகுப்புகளுக்கு அனுமதி கொடுத்தது. 1993-இல் சில நியாயஸ்தலங்களில் மட்டும் சோதனையாகத் தொடங்கி, ஏழு வருஷ காலம் பலனை அளந்து பார்த்த பிறகே, 2000-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் அதை நிரந்தரமாக்கினார்கள். அங்கே குடித்து ஓட்டி அகப்பட்டவருக்கு லைசென்ஸ் தடை குறைந்தது ஒரு வருஷம்; அதில் தப்பிப்பது அரிது. குறைந்தபட்சம் 16 மணி நேரம், மூன்று நாட்களுக்குக் குறையாமல் பிரித்து நடத்தப்படும் வகுப்பை ஒழுங்காக முடித்தால், தடைக்காலத்தில் அதிகமாகப் போனால் கால் பங்கு குறையும். கட்டணத்தைக் குற்றவாளியே செலுத்தவேண்டும். குடித்துவிட்டு வகுப்புக்கு வந்தால் திருப்பி அனுப்பப்படுவார். பாதியில் நின்றுவிட்டால் தள்ளுபடி கிடையாது, முழுத் தடையையும் அவர் அனுபவித்தே தீரவேண்டும். நான்கில் மூன்று பங்குத் தடை அசையாமல் நிற்க, மிச்சமுள்ள ஒரு பங்கை மட்டும் படிப்புக்குப் பரிசாக வைத்த இந்த ஏற்பாடு, கலிபோர்னியா தன் ஜனங்களின் உயிரைக் கொடுத்துக் கற்ற பாடத்தைப் படித்தவர்கள் வகுத்தது என்றே எனக்குப் படுகிறது.